கீர்த்தியிடம் நான் கேட்ட கேள்விகள்

2004-இல் சென்னைக்குப் போய் ஒரு பயிற்சி முடித்து வந்ததிலிருந்து எனக்குக் கை பரபரத்துக்கொண்டே இருந்தது. ஜூனியர் நர்ஸுக்கு உத்தரவு போடாதே, கேள்வி கேள், அவளே யோசித்து வழி கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கோச்சிங் என்று அதற்குப் பெயர். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மேட்ரன் மரியம்மாளிடம் சொன்னேன்.

"கோச்சிங்கா? டென்த் பெயிலானவங்களுக்கு நடத்துவாங்களே, அதுவாம்மா?"

"இது வேற மேடம். கீர்த்தியை ஒரு வாரம் எங்கிட்ட விடுங்க."

கீர்த்தி புதிதாகச் சேர்ந்தவள். சொன்னால் செய்வாள், சொல்லாவிட்டால் சும்மா நிற்பாள்.

"ஒரு வாரம்தான் ஸிந்துஜா. அப்பவும் மரம் மாதிரி நின்னுக்கினு இருந்தா, வேலைய விட்டு அனுப்பிடுவேன்."

முதல் நாளே அவளை ராஜவேலுவின் கட்டிலுக்குக் கூட்டிப்போனேன். ஐயம்பேட்டை நெசவாளி. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்து, காலில் எடை கட்டிப் படுத்திருந்தார். உதடு வறண்டு, பிரஷர் இறங்கியிருந்தது.

"நீ என்ன நெனைக்கிற கீர்த்தி?"

"சாரி சிஸ்டர்."

"ஐயோ, திட்டலம்மா. இவருக்கு என்ன ஆயிருக்கும்?"

"சாரி சிஸ்டர்."

ராஜவேலுவின் மனைவி பொன்னியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, உனக்கே தெரியாதா? சின்னப் புள்ளையப் போயி கேட்டுக்கினு இருக்கிற? டாக்டர கூப்டும்மா."

டாக்டர் வந்து சலைன் போட்டார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்; ராஜவேலு சொம்பைத் தொடவே இல்லை. பொன்னியம்மாள் மேட்ரனிடம் புகார் சொன்னார். தினமும் இதே கூத்து. வாரம் முடியப்போகிற நேரத்தில் மருந்து அறையில் வெடித்துவிட்டேன்.

"எதுக்குடி சாரி சாரின்னு உயிர வாங்கற?"

"எங்க நர்ஸிங் ஸ்கூல்ல கேள்வி கேட்டாலே நாம தப்பு பண்ணிட்டோம்னு அர்த்தம் சிஸ்டர். நீங்களும் பதிலத் தெரிஞ்சி வெச்சிக்கினுதான கேக்கறீங்க?"

சுருக்கென்றது. உண்மைதான்.

"சரி, எனக்கு நெஜமாவே தெரியாதத கேக்கறேன். அந்த மனுஷன் ஏன் தண்ணியே குடிக்க மாட்டேங்கறாரு?"

யோசித்தாள். போனாள். பின்னாலேயே போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பெட்பேன் கேக்க வெக்கமாம் சிஸ்டர். எதிர்க் கட்டில்ல இருக்கறது அவரு சம்பந்தி. குடிச்சாதான கேக்கணும்? அதான் வாயக் கட்டிக்கினு கெடக்கறாரு."

"இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்க வாயைத் திறந்தேன். ஆள் இல்லை. டிரெஸ்ஸிங் ரூம் திரையைத் தரதரவென்று இழுத்து வந்து கட்டிலைச் சுற்றி மறைத்தாள். வார்டு உதவியாளர் அப்பாதுரையைப் பேசிச் சரிக்கட்டி, பெட்பேன் எடுத்துக் கொடுக்க அங்கே நிறுத்தினாள். சாயங்காலத்துக்குள் ராஜவேலு ஒரு சொம்புத் தண்ணீரைக் காலி செய்திருந்தார்.

ரவுண்ட்ஸ் வந்த மரியம்மாள் திரையைப் பார்த்துவிட்டுக் கீர்த்தியிடம் திரும்பினார். "யாரக் கேட்டு இத எடுத்தாந்த?"

"யாரையும் கேக்கல மேடம். அவருக்குத் தேவப்பட்டுச்சு."

மரியம்மாள் சார்ட்டைப் புரட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொண்ணு இருக்கட்டும்."

குதிக்காத குறை.

"ஆனா உங்கூட வேணாம். இன்னும் ஒரு வாரம் வுட்டா என்னையே கேள்வி கேப்பா. நாளையிலேர்ந்து பிரசவ வார்டுல என்கூட டூட்டி."

"மேடம், அவ இப்பதான்..."

"போயி வேலயப் பாரும்மா."

மறுநாள் பிரசவ வார்டைக் கடந்தபோது மரியம்மாளின் குரல் கேட்டது. "பஞ்ச எடு. ஊசிய எடு. இங்க நில்லு." கீர்த்தி எடுத்தாள், நின்றாள். வேலையாவது தப்பியதே என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை.