கல்படியில் தொங்கிய படகு

1
மூன்று வாரம் ஆகிறது. கதவு கிறீச்சிட்டாலே இன்னும் திடுக்கிடுகிறேன். எழுதிப் பாருங்கள் என்றார் மருத்துவர். இந்தக் கதை அப்படித்தான் வந்தது.

'அழகான ஜூன் காலையில், இங்கிலாந்தின் வொர்ஸ்டர்ஷயர் கால்வாயில் நண்பர்கள் மூவர்...'

[இந்த வரியை அடித்துவிட்டேன். காலை அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்வதுபோல் இருக்கிறது.]

2
மூவர்: ப்ரூ என்கிற நான், ரொவீனா, அவள் கணவன் டெஸ்மண்ட். முப்பது வருடப் பழக்கம். வாடகைக்கு எடுத்த ஒடுக்கமான நீளப் படகு. வாத்துகள்கூட எங்களை முந்திப் போயின. சுக்கான் ரொவீனாவிடம்.

"ஏய் டெஸ், கடைசி பேக்கன் சாண்ட்விச்சையும் முழுங்கிட்டியா?" என்றாள் ரொவீனா.

"கேப்டனுக்குத் தொப்பை விழக் கூடாதுன்னுதான்."

[இந்தச் சிரிப்பை வெட்டிவிடலாமா? வேண்டாம். சிரித்தோம்.]

3
கால்வாய் இறங்கும் இடத்தில் மதகுத் தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, முன்பக்க மதகுகள் இரண்டையும் திறந்தால் தண்ணீர் வடியும்; படகு மெல்லக் கீழே போகும். மதகைத் திருகும் கைப்பிடியோடு நான் இக்கரையில், இன்னொன்றோடு டெஸ்மண்ட் அக்கரையில்.

கிறீச்சென்றது. படகின் பின்பகுதி பின்கதவின் அடியில் தண்ணீருக்குள் இருந்த கல்படியில் மாட்டிக்கொண்டது. முன்பகுதி மட்டும் இறங்கிக்கொண்டே போனது. உள்ளே தட்டுகள் சரிந்து உடைந்தன. ரொவீனா சுக்கானைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"மூடுங்க! மூடித் தொலைங்க!"

நான் மூடினேன். டெஸ்மண்ட் மூடவில்லை. கைப்பிடி கையில் இருந்தது. மனைவியைப் பார்த்தபடியே நின்றான்.

['பயத்தில் உறைந்து' என்று முதலில் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த முகத்தில் பயம் இருந்ததா என்று எனக்கு]

கதவின் மேலேயே அக்கரைக்கு ஓடினேன். கைப்பிடியைப் பிடுங்கி அவனுடைய மதகையும் மூடினேன். பின்மதகைத் திறந்து மெதுவாகத் தண்ணீர் நிரப்ப, படகு மறுபடி மிதந்தது.

4
கரையேறிய ரொவீனாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. டெஸ்மண்ட் நீட்டிய போர்வையை அவள் வாங்கவில்லை.

"எவ்வளவு நேரம் நின்னான், ப்ரூ?"

"கொஞ்ச நேரம்தான். பயந்துட்டான்டி."

"நான் அவன் கண்ணைப் பார்த்தேன்."

"எனக்கே தெரியல, ரோ," என்றான் டெஸ்மண்ட். "சத்தியமா தெரியல."

போட்ட உடையோடு பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

5
ஒரு வரைவில் அவள் மன்னித்தாள். இன்னொன்றில் பிரிந்தாள். இரண்டையும் கிழித்தேன்.

நேற்று டெஸ்மண்ட் கூப்பிட்டான். "எழுதறியாமே. நான் ஏன் நின்னேன்னு கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு. இன்னிக்கு வரைக்கும் அவகிட்ட சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆனாலும் நாளைக்கு சாயங்காலம் அவளுக்குப் போன் பண்ணப் போறேன்."

அவன் சொன்ன 'நாளைக்கு' இன்றுதான். நான் பார்த்த அவ்வளவையும் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். மகள் வீட்டில் போன் அடிக்கும்போது, எடுக்கலாமா என்று ரொவீனா உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?