அரைக் கோப்பை

மென்னோ காய்ச்சி விற்கும் ஈரல் மருந்துக்கு ஒரே ஒரு விளம்பரம்தான் உண்டு. அது அவன் மனைவி லவீனா. கார், கரண்ட் வேண்டாம் என்று வாழும் அமெரிக்க ஆமிஷ் சனம் அவர்கள்; படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவது சபைக்கு ஆகாது. ஆனால் கொட்டகைக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் முன்னால் மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தக் கூடாது என்று எந்தப் போதகரும் இதுவரை சொன்னதில்லை.

"இதோ, இவளப் பாருங்க. தெனம் காலையில ஒரு கோப்பை. ஒருநாள் படுத்திருப்பாளா? நீங்களே கேட்டுக்குங்க" என்பான் மென்னோ.

"ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்பாள் லவீனா. முதல் வருடம் அது உண்மையாகவும் இருந்தது.

இப்போது உள்ளங்கை அரிக்கிறது. இரவெல்லாம் அரிக்கிறது. நூடுல்ஸ் மாவு பிசைந்து நிமிர்ந்தால் யாரோ முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டதுபோல் இருக்கிறது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது. தலைக்குல்லாய் வேறு வெள்ளையா, அதன் கீழே முகம் மஞ்சளடித்திருப்பது கைக்கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. மென்னோவுக்குத் தெரியவில்லை. கொட்டகையில் அவன் கண் வாங்க வந்தவர்கள்மேல்தான். அவளைப் பார்ப்பதெல்லாம் விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில்; அதில் எல்லாருமே மஞ்சள்தான்.

மென்னோ ஏமாற்றுக்காரன் இல்லை. அப்படி இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருக்கலாம். காம்ஃப்ரி என்ற மூலிகையின் வேரையும் இன்னும் என்னென்னவோ இலைகளையும் பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறவன் அவன். மனசார நம்பினான். ஞாபகம் வந்தால் அவனும் குடிப்பான். அவளுக்கு மட்டும் ஞாபகப்படுத்த ஆளிருந்தது.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்கலாம். நல்ல டாக்டர்தான், பக்கத்து ஊரிலேயே இருக்கிறார். ஆனால் அவர் வாசலில் குதிரை கட்டும் கம்பி தெருவைப் பார்க்க இருக்கிறது. மென்னோ வீட்டுக் குதிரைக்கு ஒரு கால் மட்டும் முட்டிவரை வெள்ளை. அது அந்தக் கம்பியில் கால் மணி நேரம் நின்றால் போதும், ஞாயிற்றுக்கிழமை சபை கூடுவதற்குள் அத்தனை சமையலறைக்கும் சேதி போய்விடும். ஈரல் மருந்துக்காரன் பெண்டாட்டி டாக்டர் வீட்டு வாசலில்! மென்னோ யார் முகத்தில் விழிப்பான்? அதைவிட, அவன் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பான்? அந்தப் பார்வையை நினைத்துத்தான் லவீனா பயந்தாள்.

நசுங்கின டப்பாக்களை மலிவாக விற்கும் மளிகைக்கடைக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனைக் கடை ஒன்று திறந்திருந்தார்கள். கடையென்றேதான் சொல்லவேண்டும். டாக்டர் சீட்டு வேண்டாம், காப்பீடு வேண்டாம், ஒரு கேள்வி கிடையாது. சர்க்கரைக்கு இவ்வளவு, தைராய்டுக்கு இவ்வளவு, ஈரலுக்கு இவ்வளவு என்று சுவரிலேயே விலைப்பலகை தொங்கியது. ஈரலின் விலை, லவீனா நூடுல்ஸ் விற்றுச் சேர்த்திருந்த காசுக்குள் அடங்கியது. குதிரை மளிகைக்கடை வாசலில் நின்றது. அங்கே எந்தக் குதிரையும் எவ்வளவு நேரமும் நிற்கலாம்.

மேசைக்குப் பின்னால் கென்ட்ரா என்று பெயர் குத்திய இங்கிலீஷ்காரப் பெண் இருந்தாள். ஆமிஷ்காரர்களுக்குத் தங்களைத் தவிர உலகத்தில் எல்லாருமே இங்கிலீஷ்காரர்கள்தான்.

"வெறும் வயிறா வந்திருக்கீங்களாம்மா?"

"ஒண்ணும் சாப்பிடல. மருந்து மட்டும்தான் குடிச்சேன்."

"என்ன மருந்து?"

"எங்க வீட்டு மருந்து."

கென்ட்ரா ஒருகணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்தாள். "ரிசல்ட் ஈமெயில்ல வரும்" என்றவள், குல்லாயைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள். "சரி சரி, உங்களுக்கு ஏது ஈமெயில். அடுத்த வாரம் மளிகைக்கு வரப்ப எட்டிப் பாருங்க, அச்சடிச்சு வெக்கறேன்."

"அத யாரு எனக்குப் படிச்சுச் சொல்லுவாங்க? நீ சொல்லுவியா?"

"அய்யோ, நான் வாயே தொறக்கக் கூடாதும்மா. எண்ணத் தருவோம். அர்த்தம் சொல்லணும்னா டாக்டர்தான் சொல்லணும்."

டாக்டரிடமிருந்து தப்பிக்கத்தானே இங்கே வந்தேன் என்று லவீனாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"எதாவது ஆபத்தா இருந்தா மட்டும் கூப்பிடுவோம். நம்பர் சொல்லுங்க. ஆள் இல்லன்னா சேதி விட்டுவெக்கலாமா?"

"விடலாம்" என்று சொல்லி, லவீனா தன் வாழ்நாளில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைச் சொன்னாள். விதை வாங்கவும், மாட்டு வைத்தியரைக் கூப்பிடவும், வண்டிக்காரருக்குச் சொல்லவும் சொல்லிச் சொல்லிப் பழகிய எண். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. கடிவாளத்தை இழுத்துப் பிடித்துச் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அது அவள் எண் இல்லை. போன் கூண்டின் எண். வீட்டுக்குள் போன் வைக்கக் கூடாது என்பதால் தெருமுனையில் மரப்பலகையால் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கூண்டு கட்டி, நான்கு குடும்பங்கள் ஒரே போனை வைத்துக்கொண்டிருந்தார்கள். சேதி பிடித்துவைக்கும் வசதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பெட்டி. "மென்னோ வீட்டுக்கும் ஈரல் மருந்துக்கும் இரண்டை அழுத்தவும்" என்று மென்னோவின் குரலே சொல்லும். அந்தப் பெட்டியை மென்னோதான் திறப்பான். காலையில் பால் கறந்ததும் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. மருந்து கேட்டு வந்த சேதிகளை, அனுப்பி முடிக்கும்வரை அழிக்காமல் சேமித்து வைப்பான்.

தனிப் பெட்டியின் அருமை லவீனாவுக்கு நன்றாகத் தெரியும். மகள் ரோஸன்னாவைக் கட்டிக்கொடுத்த ஊரில் பெட்டி பிரிப்பெல்லாம் கிடையாது, எல்லா வீட்டுக்கும் ஒரே பெட்டி. ரோஸன்னா முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்ட சந்தோஷத்தில், இவள் அதில் என்னவோ வாழ்த்திப் பேசிவைத்தாள். ரோஸன்னாவின் பக்கத்து வீட்டு எட்னாவுக்கு அந்த ஊர்க் கூண்டுதான் கோயில். அவள்தான் முதலில் கேட்டாள். கேட்டதும் ஊரையே கூட்டிவிட்டாள். "ஏம்மா, ரேடியோவுலயே சொல்லியிருக்கலாமே!" என்று ரோஸன்னா அழாத குறையாகக் கேட்டாள்.

அதிலிருந்து லவீனா கூண்டுப் பக்கமே போவதில்லை. இப்போது நேரம் கிடைக்கும்போதெல்லாம் போனாள். கோழிக்குத் தீனி போடப் போகிற சாக்கில், தபால் பெட்டி பார்க்கிற சாக்கில். போனை எடுத்து இரண்டாம் பெட்டியைத் திறப்பாள். "புதிய செய்தி எதுவும் இல்லை" என்று அந்த இயந்திரக்காரி சொல்வாள். லவீனாவுக்கு உயிர் வந்துவிடும். ஆபத்து இருந்தால்தானே கூப்பிடுவார்கள்? கூப்பிடவில்லை. அப்படியானால் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமையும் இயந்திரக்காரி அதையேதான் சொன்னாள். லவீனா கூண்டுச் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். சந்தோஷத்தில்தான். வீட்டுக்கு வந்து உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே மாவு பிசைந்தாள்.

சனிக்கிழமை காலை மென்னோவே கோப்பையை எடுத்துவந்து அவள் முன் வைத்தான். வழக்கமாக அவள்தான் ஊற்றிக்கொள்வாள். எட்டிப் பார்த்தாள். அரைக் கோப்பைதான் இருந்தது.

"என்ன மென்னோ, மருந்து தீந்துபோச்சா? கஞ்சத்தனம் பண்றே."

"அரை போதும் உனக்கு." அவன் ரொட்டிக்கு ஆப்பிள் ஜாம் தடவிக்கொண்டே இருந்தான். ரொட்டியில் இடமே மிச்சமில்லை, இன்னும் தடவினான். "இண்டியானாலேர்ந்து வேன் புடிச்சு ஆளுங்க வராங்க. குடிச்சிட்டு நல்ல உடுப்பா போட்டுக்க."

அவள் குடித்தாள். பசும்புல்லைக் கசக்கிய வாடை.

"ரோஸன்னாவும் சேதி விட்டிருந்தா. காலெல்லாம் வீங்குதாம், ரெண்டு புட்டி கேட்டா. நேத்தே குடுத்தனுப்பிட்டேன்."

"புள்ளத்தாச்சிக்கா?"

"அவளுக்கும் அரைக் கோப்பை போதும்னு சொல்லியனுப்பிச்சேன்" என்றான் மென்னோ. சொல்லிவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான். ரொட்டி தட்டிலேயே கிடந்தது.

லவீனா அந்தத் தட்டை நகர்த்தி வைத்தாள். தான் குடிப்பது ஒரு விஷயம்; வயிற்றில் பிள்ளையோடு ரோஸன்னா குடிப்பதா? வேன் வந்து நின்றது. இண்டியானாக்காரர்கள் இறங்கிக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தடியில் அவள் கொல்லைப்புறமாக இறங்கிக் கூண்டுக்கு நடந்தாள். மகளின் குரலைக் கேட்கவேண்டும், கால் எவ்வளவு வீக்கம் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

"புதிய செய்தி எதுவும் இல்லை" என்றாள் இயந்திரக்காரி. "சேமித்த செய்திகளைக் கேட்க ஒன்றை அழுத்தவும்."

அழுத்தினாள். யாரோ ஒருத்தி ஆறு புட்டி கேட்டாள். ஒரு கிழவர், மருந்து குடித்ததிலிருந்து பசி எடுக்கிறது என்று நெடுநேரம் சொல்லிவிட்டுக் கடைசியில் தன் பெயரைச் சொல்ல மறந்தார். அடுத்தது வியாழக்கிழமை மத்தியானச் சேதி.

"இது லவீனாவுக்கு. ரத்தப் பரிசோதனைலேர்ந்து கென்ட்ரா பேசறேன். உங்க ஈரல் எண்ணெல்லாம் ரொம்ப எகிறியிருக்கும்மா. அர்த்தம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. ஆனா இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. அந்த வீட்டு மருந்த இனி தொடாதீங்க. புட்டியையும் கையோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க."

அதற்கடுத்து ரோஸன்னாவின் குரல் வந்தது. அப்பா, எனக்கு ரெண்டு புட்டி அனுப்புப்பா என்றது. லவீனாவின் காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை.

சேமித்த செய்தி. கேட்காத செய்தியை யாரும் சேமிக்க முடியாது. வியாழக்கிழமை சாயங்காலமே மென்னோ இங்கே, இதே முக்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அழிக்க மனம் வரவில்லை, சொல்ல வாய் வரவில்லை. சேமித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டுக்கு ஜெபம் சொல்லியிருக்கிறான். மறுநாள் மகளுக்குப் புட்டி கட்டியிருக்கிறான். இன்று காலை அரைக் கோப்பை ஊற்றியிருக்கிறான்.

முழுக் கோப்பையாக ஊற்றியிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். நம்புகிறான், அந்த இங்கிலீஷ்காரியின் எண்ணை நம்பவில்லை, பாவம் என்று விட்டிருப்பாள். அரைக் கோப்பை ஊற்றியவனுக்குத் தெரியும். தெரிந்து பாதியைக் குறைத்திருக்கிறான், பாதியை ஊற்றியிருக்கிறான். முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவன்.

அவளுக்கு ஓடவேண்டும்போல் இருந்தது. எங்கே ஓடுவது? புருஷனை விட்டுவரும் பெண்ணுக்கு இந்தச் சனத்தில் ஒரு நாற்காலி கிடையாது. போதகரிடம் போனால், அவர் வீட்டு அலமாரியிலும் மென்னோவின் புட்டி இருக்கிறது. அவள் இத்தனை பேர் முன்னால் நின்று "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி விற்ற புட்டிகள்தான் எல்லாம். இந்தக் கூண்டைவிடச் சின்னதாக ஒரு கூண்டைத் தானே தனக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ரோஸன்னா ஊர்க் கூண்டின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, அடித்தது. யாரும் எடுக்கவில்லை. சேதி விடலாம் என்பதற்கு அடையாளமாக 'பீப்' என்று ஓர் ஒலி கேட்டது.

"லவீனா!" கொட்டகைப் பக்கமிருந்து மென்னோ கூப்பிட்டான். "எங்க போயிட்டே? ஆளுங்கல்லாம் உன்னப் பாக்கணும்ங்கறாங்க!"

ரோஸன்னாவுக்குச் சொல்ல வேண்டியது அவள் வாயில் இருந்தது. ஆனால் அங்கே ஒரே பெட்டி. ரோஸன்னா கேட்பதற்கு ராத்திரி ஆகலாம், நாளை ஆகலாம். யார் முதலில் கேட்பார்கள் என்று லவீனாவுக்கு நன்றாகத் தெரியும்.

"எட்னா" என்றாள். "நீதான் மொதல்ல கேப்பேன்னு தெரியும். நல்லாக் கேட்டுக்க. நான் லவீனா, ஈரல் மருந்து மென்னோவோட பொண்டாட்டி. இந்த போன வெச்சதும் ஓடு, ரோஸன்னா கையில இருக்கற புட்டியப் புடுங்கிக் கொட்டு. கால் கோப்பைகூட ஆகாதுன்னு சொல்லு. அந்த மருந்து என் ஈரலத் தின்னுடுச்சு."

"லவீனா!" காலடிச் சத்தம் சரளையில் நெருங்கிவந்தது.

அவள் போனை வைக்கவில்லை. கதவுக்கு முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டாள்.

"அவகிட்ட சொல்லிட்டு, அதுக்கப்புறம் எட்னா, உன் வழக்கப்படியே செய். ஒரு வீடு விடாத. எல்லார்கிட்டயும் சொல்லு."