நெய்வேலியில் பனிப்பொழிவு

ரெண்டு கார் கம்பெனிகள் ஒன்றாகிவிட்ட சேதி நெய்வேலி மந்தாரக்குப்பத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு டி-ஷர்ட்டாகத்தான் வந்து சேர்ந்தது. முதுகில் ‘ஒரே இதயம், ஒரே பாதை’ என்று எழுதியிருந்தது. ஹெட் மெக்கானிக் கலியமூர்த்திக்கு அது தொடை வரை தொங்கியது. வல்லபா மோட்டார்ஸ் நம்மூர்க் கம்பெனி. நோர்டால், வருஷத்தில் ஆறு மாசம் குளிரில் விறைத்துக் கிடக்கும் ஏதோ ஒரு தேசத்துக் கம்பெனி. ரெண்டும் சேர்ந்து ‘நோர்வல்’ ஆனது. பேர் வைக்கவே எட்டு மாசம் ஆனதாம். எட்டு மாசத்தில் ஒரு பிள்ளையே பெற்றுவிடலாம், குறைப்பிரசவமாக இருந்தாலும்.

2018-ல் முதல் வண்டி வந்தபோது அதுவும் குறைப்பிரசவம்தான் என்று தெரிந்தது.

சென்னையில் மூன்று நாள் டிரெயினிங். ஒரே உடம்பு, அதிலேயே டீசல் இன்ஜினும் வைக்கலாம், பேட்டரியும் வைக்கலாம். வல்லபா பேரில் ஒரு விலை, நோர்டால் பேரில் வேறு விலை. பேட்டரி வண்டிக்கு முன்னால் காற்று போகப் பெரிய வழி தேவையில்லை. ஆகவே ரெண்டுக்கும் பொதுவாக முகத்தை வழவழவென்று மூடிவிட்டார்கள். டீசல் இன்ஜின் மூச்சு விட வேண்டுமே? பம்பருக்கு அடியில், தரையிலிருந்து ரெண்டு சாண் உயரத்தில், ஒரு ஓட்டை.

கலியமூர்த்தி எழுந்து கேட்டார். “ஏன் சார், மூக்க அடைச்சுட்டு முழங்கால்ல ஓட்டை வெச்சிருக்கீங்களே? எங்க ஊரு மைன்ஸ் ரோட்ல மண்ணு அந்த உயரத்துலதாங்க பறக்கும்.”

“இது டிசைன் லாங்வேஜ்” என்றார் பாடம் நடத்தியவர்.

“எந்த லாங்வேஜா இருந்தாலும் மூச்சு மூச்சுதானுங்களே.”

எல்லோரும் சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். ஓட்டை அங்கேயே இருந்தது.

நாலே மாசத்தில் பொற்கொடியின் புது டீசல் வண்டி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. கம்மாபுரத்துப் பக்கத்துப் பெண். மைன்ஸுக்குள் ஷிஃப்ட் ஆபீசர்களை ஏற்றி இறக்கும் வாடகை வண்டி, ஓட்டுவதும் அவள்தான். கலியமூர்த்தி ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் மைன்ஸ் செம்மண்ணும் ஒரு முறம் கொட்டியது. அதையும் தாண்டி உள்ளே போன மண், இன்ஜினை அரைத்துத் தின்றிருந்தது.

“பதினஞ்சு நாள்ல வண்டி வரலன்னா வேற வண்டி வெச்சிக்குவாங்களாம்ணே. நான் என்னா, ஸ்டியரிங்க மட்டும் புடிச்சிகினு நடந்து போவட்டுமா?”

“வாரண்டி இருக்குதில்ல, இரு.”

வாரண்டிக்குப் பழைய கம்பெனியில் ஒரு காகிதம் எழுதினால் போதும். புதுக் கம்பெனி ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருந்தது. பழுதின் காரணத்தைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்கு அது நகராது. காரணங்கள் மொத்தம் ஐந்து: பனிப்பொழிவு, கடல் உப்பு, பாறை மோதல், மான் மோதல், ஓட்டுநர் தவறு. தூசி இல்லை. சாம்பல் இல்லை. ‘மற்றவை’ என்று ஒரு வரி போடக்கூட அந்தக் குளிர்தேசத்துப் புத்திசாலிகளுக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஊரில் மற்றவை நடப்பதில்லை போலும்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டார். மூன்று நாள் போட்டார். “இருப்பதில் பொருத்தமானதைத் தேர்வு செய்யவும்” என்றது ஒரு குரல்.

‘ஓட்டுநர் தவறு’ என்று போட்டால் பொற்கொடி தலையில் விடியும். மைன்ஸுக்குள் மான் இல்லை. கலியமூர்த்தி வாசலில் போய் நின்று யோசித்தார். எதிரே, காலையில் துடைத்த ஸ்கூட்டர் சீட்டில் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருந்தது. மேலேயிருந்து விழுகிறது. வெளுப்பாக இருக்கிறது. போகிற வழியை அடைக்கிறது. உள்ளே வந்து பனிப்பொழிவைத் தொட்டார்.

ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. எட்டாம் நாள் புது இன்ஜின் வந்தது. பொற்கொடி வேலைக்குப் போனாள். அடுத்த ஐந்து மாசத்தில் அதே ஓட்டை, அதே மண், இன்னும் பத்து வண்டிகள். பத்துக்கும் பனி பெய்தது.

மே மாசத்தில் ஒரு லாரி வந்து நின்றது. ஷோரூம் முதலாளி ஜெயராமன் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கலியமூர்த்தியைக் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர், கோபம் வந்தால் குரல் தணியும்.

“எப்பா, இது என்னது?”

“சக்கரத்துக்குச் சங்கிலிங்க. பனியில வழுக்காம போக.”

“இது?”

“சீட்ட சூடு பண்ற மெஷினுங்க.”

“வெளிய நூத்தி ஏழு டிகிரி அடிக்கி. ஏற்கெனவே உக்கார முடியல. இன்னும் சூடாக்கவா?”

மறுநாள் நோர்வல் கம்பெனியின் ‘ஒருங்கிணைப்புத் தலைவர்’ அருண்பிரசாத் என்பவர் நேரில் வந்தார், கம்பெனியின் புது மின்சாரக் காரில். நாட்டிலேயே அதிகப் பனி பெய்யும் ஊர் என்று வாரண்டிக் கணக்கெடுப்பில் வந்ததால், மின்சார வண்டி விற்பனையின் குளிர்மண்டலத் திட்டத்துக்கு நெய்வேலியைத் தேர்ந்தெடுத்திருந்தார்களாம். அந்தக் கணக்கெடுப்பை மேலிடத்தில் அவர்தான் கைதட்டலோடு படித்துக் காட்டியவர். நெய்வேலி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இப்போது யாரோ கேட்டுவிட்டார்கள்.

“பொய் ரிப்போர்ட் கொடுத்ததா எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்றார் கலியமூர்த்தியிடம். “பதினோரு க்ளெய்மும் ரத்து. கொடுத்த இன்ஜின்களக் கழட்டி எடுத்துக்குவோம்.”

கலியமூர்த்திக்குக் காது மடல் சுட்டது. “ஓடுற வண்டியிலேர்ந்தா?”

“ரூல்.”

“தூசின்னு ஒரு வரி இல்லாம ஃபாரம் போட்டது யாரு சார்? முழங்கால்ல ஓட்டை வெச்சது யாரு? நான் அன்னிக்கே எழுந்து நின்னு கேட்டேன், ஐஸ்கிரீம் குடுத்து உக்கார வெச்சீங்க. உங்க தப்புக்கு அந்தப் பொண்ணு வண்டிய அறுப்பீங்களா?”

“எமோஷனல் ஆகாதீங்க. மைன்ஸ் ஓரமா ஒரு போட்டோ எடுக்கணும். ‘கரி தோண்டும் பூமியில் கரியில்லாப் பயணம்.’ முடிச்சுட்டு வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன். வழி காட்ட வாங்க.”

கரியில்லாப் பயணத்துக்குக் கரன்ட் எதை எரித்து வருகிறது என்று சொல்ல வாயெடுத்து, கலியமூர்த்தி விட்டுவிட்டார். வழி தெரிந்தவள் என்று ஜெயராமன் பொற்கொடியை முன்னால் போகச் சொன்னார்; கலியமூர்த்தி மின்சாரக் காரில் அருண்பிரசாத் பக்கத்தில் ஏறிக்கொண்டார். விஷயம் கேள்விப்பட்டிருந்த பொற்கொடி மெதுவாகப் போகவில்லை.

ரெண்டு கிலோமீட்டர். முன் வண்டி கிளப்பிய புழுதியைக் குடித்துக்கொண்டே மின்சாரக் கார் போனது. பேட்டரியைக் குளிரவைக்கும் காற்றும் அந்த முழங்கால் ஓட்டை வழியாகத்தான் போயாக வேண்டும் என்பது கலியமூர்த்திக்குத் தெரியும்; அருண்பிரசாத்துக்குத் தெரியாது. திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது. ஏ.சி. நின்றது. பிறகு வண்டியே நின்றது.

மரம் ஒன்று கிடையாது. அருண்பிரசாத்தின் சட்டை ஐந்து நிமிஷத்தில் முதுகோடு ஒட்டியது. வண்டியை ஏற்றிப் போக லாரி அனுப்பச் சொல்லி உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

“டேப்லெட்ல ஃபாரம் நிரப்பினாத்தான் லாரி கிளம்பும் சார்” என்றது அதே குரல்.

“நான் யாருன்னு தெரியுமா?”

“ஃபாரத்துல அந்தக் கேள்வி இல்ல சார்.”

டேப்லெட்டைத் திறந்தார். காரணங்கள் ஐந்து. பாறை இல்லை, கடல் இல்லை, மான் இல்லை. ஓட்டியது அவரே. விரல் அந்தரத்தில் நின்றது.

பொற்கொடி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். “என்னா சார், மான் கீன் ஏதும் குறுக்க வந்துச்சா?”

கலியமூர்த்தி அருண்பிரசாத் கிட்டே போய் நின்றார். “சீக்கிரம் சார். வெயில்ல நின்னா மயக்கம் வரும். இருக்கறதுல பொருத்தமானதத் தொடுங்க.”

அருண்பிரசாத் அவரைப் பார்த்தார். புழுதி இன்னும் அடங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பனிப்பொழிவைத் தொட்டார்.

“ஆக, பன்னெண்டு” என்றார் கலியமூர்த்தி. “ரத்து பண்றதுன்னா இதையும் சேத்து எழுதுங்க சார். லெட்டர் எடுங்க, ரெண்டு பேரும் ஒண்ணா கையெழுத்துப் போட்டுடலாம்.”

லெட்டர் இருந்த பை பின் சீட்டில் கிடந்தது. அருண்பிரசாத் அதை எடுக்கவில்லை. லாரி கடலூரிலிருந்து வர வேண்டும், ஒன்றரை மணி நேரம்.

“ஏறுங்க சார்” என்றாள் பொற்கொடி. “இந்த வண்டி ஓடும். இன்ஜின் புதுசு.”