விலகுபவர் பெயர்

"அந்தக் கட்டுரையில நான் என்னம்மா செஞ்சேன்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் அவளிடம் கேட்ட கேள்வி இது. சாப்பாட்டு மேசையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கேலியாகக் கேட்கவில்லை. பரீட்சையில் விடை மறந்துபோன நல்ல பையன் பக்கத்துப் பெஞ்சைப் பார்ப்பதுபோல, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் கத்தியை நிறுத்தினார். அவள் மட்டும் நுண்ணோக்கிக்கான கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எந்தக் கட்டுரைங்க?"

"அதான், கல்லுடைக்கிற குழியில தேங்கின தண்ணியில புதுசா ஒரு பாசி கண்டுபிடிச்சோமே. அது."

அவர்கள் இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே தாவரவியல் துறை. அவருக்கு மரங்கள், அவளுக்குப் பாசிகள். மாணவர்கள் அவரை மர சார் என்றும் அவளைப் பாசி மேடம் என்றும் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை. இந்த வருடம் துறைக்குப் பேராசிரியர் பதவி ஒன்று வந்திருந்தது. ஒன்றே ஒன்று. தகுதி இருவருக்கும் இருந்தது. அவர் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்த மறுநாள் அவளும் ஒன்று வாங்கி வந்தாள். இரண்டும் ஒரு வாரமாக ஃப்ரிட்ஜ் கதவில் ஒரே காந்தத்தின் கீழ் ஒட்டியிருந்தன. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

படிவத்தின் ஏழாம் பக்கம் இந்த வருடம் புதிதாகச் சேர்த்தது. ஒரு கட்டுரையை இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால், யார் என்ன வேலை செய்தார் என்று தனித்தனியாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் சேர்ந்து எழுதியவை பதினொன்று. பதினொன்றிலும் அவர் பெயர்தான் முதலில். அப்படி ஒரு சட்டம் எங்கும் கிடையாது. ஆனால் துறையில் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதினால் அப்படித்தான். வீட்டு வாசல் பலகையில் யார் பெயர் மேலே இருக்கிறதோ அதே வரிசை.

"டார்ச் புடிச்சீங்க" என்றாள் அவள்.

"டார்ச்சா?"

"விடியக்காலை, குழி ஓரமெல்லாம் இருட்டு. நான் முழங்கால் தண்ணியில நின்னேன். நீங்க கரையில நின்னு டார்ச் அடிச்சீங்க. நல்லாத்தான் அடிச்சீங்க, குறை சொல்லக்கூடாது."

அவர் யோசித்தார். பிறகு அழகான கையெழுத்தில் 'ஒளியமைப்பு' என்று எழுதினார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்குல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"ரெண்டாவது?"

"வண்டி ஓட்டினீங்க."

'களப்பயணப் பொறுப்பு' என்று விழுந்தது.

"மூணாவது?"

"மழை வந்துச்சு. குடை புடிச்சீங்க. எனக்கில்ல, மைக்ராஸ்கோப்புக்கு."

'கருவிப் பாதுகாப்பு.'

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, நாலாவதுல என் பேரையும் போட்டுக்கோ. குளியலறையில ரெண்டு மாசம் பாட்டில் பாட்டிலா பச்சைத் தண்ணி நின்னுச்சு. கொட்டாம விட்டேனே, அதுக்கு என்ன பேரு?"

"மாதிரிப் பராமரிப்பு" என்றார் மகன், தலை நிமிராமல்.

மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. அவர் கெட்டவர் இல்லை. மனைவிக்குத் தலைவலி என்றால் துறைக்கே லீவு சொல்லிவிடுவார். அவள் வரைந்த பாசிப் படங்களை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். காட்டும்போது 'நம்ம படம்' என்பார்.

"சரி, உன் வேலையச் சொல்லு."

அவள் தகட்டைக் கீழே வைத்தாள். "மாதிரி எடுத்தது. அதை வளத்தது. அளந்தது. படம் வரைஞ்சது. என்ன இனம்னு கண்டுபிடிச்சுப் பேரு வெச்சது. கட்டுரை எழுதினது. ஆய்விதழ்க்காரங்க திருப்பிக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினது."

"மெதுவா, மெதுவா. கை வலிக்குது."

பதினொரு கட்டுரைக்கும் இதே பட்டியல்தான். ஏழாவதுக்கு மேல் அவருக்கு அலுத்துப் போய், அவள் பக்கத்தில் 'மேற்படி' என்று எழுத ஆரம்பித்தார். மேற்படி, மேற்படி, மேற்படி. கடைசியில் பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள்.

"ஆமா," என்றார் மாமியார், பீன்ஸ் நாரைக் கிள்ளிக்கொண்டே, "ரெண்டு பேரும் எழுதுறீங்களே. நாற்காலி ஒண்ணுதானே?"

"அவ சும்மா எழுதிப் பாக்கறாம்மா. கடைசியில வாபஸ் வாங்கிடுவா." சாயங்காலம் மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதில் அதட்டல் இல்லை, சந்தேகமும் இல்லை.

"நான் அப்படிச் சொல்லலையேங்க" என்றாள் அவள்.

அதற்குள் அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குழாய்ச் சத்தம் கேட்டது.

மாமியார் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "உனக்கு அந்த நாற்காலி வேணுமா?"

அவள் கடைசித் தகட்டையும் பெட்டியில் வைத்து மூடினாள். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. இத்தனை நாள் யாரும் கேட்காததால் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

"வேணும் அத்தை."

"இதைச் சொல்ல இத்தனை வருஷமா? சத்தமில்லாம ஒட்டிக்கிட்டே கிடக்கியே, நீயும் அந்தப் பாசி ஜாதிதான்னு நினைச்சிருந்தேன்." பீன்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு அவனும் வேணும், நீயும் வேணும். என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதீங்க."

இரண்டு விண்ணப்பங்களும் திங்கட்கிழமை துறை அலுவலகத்துக்குப் போயின. அங்கே கோப்புகளைப் பார்ப்பவரை எல்லாரும் ஃபைல் அக்கா என்பார்கள். புதன்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஏழாம் பக்கத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார். எந்த வேலைக்கு எத்தனை மதிப்பெண் என்று அங்கே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. இனம் கண்டு பெயரிடுவதற்கு இருபது. கட்டுரை எழுதுவதற்கு இருபத்தைந்து. பயணம், கருவி, இதர உதவிகளுக்கு இரண்டு.

"நாலு தடவை கூட்டிட்டேன் மேடம். கால்குலேட்டர் கெட்டுப்போச்சோன்னு பக்கத்து ரூம்லேந்து வேற வாங்கிட்டு வந்தும் பாத்தேன். சாரோட மரக் கட்டுரை எல்லாம் சேத்தும் உங்களுக்குப் பாதிகூட வரலை. இது சார் கையெழுத்துதானா?"

"அவரோடதுதான் அக்கா. அவரே கேட்டு, அவரே உக்காந்து, அவரே எழுதினாரு."

"பின்பக்கம் பாக்கலையா?"

"எங்க வீட்ல பின்பக்கம் படிக்கிற வேலை என்னோடது. நான் படிச்சேன். என்ன இருக்குன்னு அவர் கேக்கலை. முன்பக்கத்துல பொய் ஒண்ணும் இல்லையே அக்கா?"

"பொய்யா? 'ஒளியமைப்பு'ன்னு எழுதியிருக்காரே, அது என்ன?"

"டார்ச்."

ஃபைல் அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அடங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "தலைவர் கூட்டிட்டு வரச் சொன்னாரு. சாரும் உள்ளதான் இருக்காரு. பாத்துப் பேசுங்க."

துறைத் தலைவர் எதற்கும் 'ஆகட்டும்' என்று சொல்லியே முப்பது வருடம் ஓட்டிவிட்டவர். யார் மனமும் கோணாமல் பார்த்துக்கொள்வதில் கெட்டிக்காரர். கோண வேண்டிவந்தால் யார் மனத்தைக் கோணவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும். கணவர் அவர் எதிரில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். மதிப்பெண் விவரம் அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

"உக்காருங்கம்மா. ஒரே வீட்லேந்து ரெண்டு விண்ணப்பம் மேல போனா, மேல இருக்கறவங்க என்ன நினைப்பாங்க? சாருக்கு நாலு இடத்துல மதிப்பு என்ன ஆகும்? யாரு பேராசிரியர் ஆனா என்னம்மா, பெருமை ஒரே வீட்டுக்குத்தானே வரப்போகுது?"

"அதைத்தான் சார் நானும் நினைச்சேன்."

"ஆகட்டும், ஆகட்டும்" என்று மலர்ந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு தாளை எடுத்து அவள் முன் வைத்தார். அச்சடித்த தாள்.

'குடும்பப் பொறுப்புகளை முன்னிட்டு, முழு மனத்துடனும் எவருடைய வற்புறுத்தலும் இன்றி, பதவி உயர்வுக்கான எனது விண்ணப்பத்தை விலக்கிக்கொள்கிறேன். துறையின் நன்மையே என் மகிழ்ச்சி.'

அடியில் இரண்டு கோடுகள். விலகுபவர் பெயர். கையொப்பம்.

அவளுக்கு அந்த வாக்கியங்கள் பழகிய குரலில் கேட்டன. இரண்டாம் முறை படித்ததும் யார் குரல் என்று புரிந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு இணைப் பேராசிரியர் பதவி வந்தபோது, கணவர் முதலில் போகட்டும் என்று அவளே எழுதிக் கொடுத்த கடிதம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தப் பதவி அவளுக்குக் கிடைத்தது.

"இதை அச்சடிச்சா வெச்சிருக்கீங்க சார்?"

"அது வந்து, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா எழுதிக் குடுத்தாங்க. ஒருத்தங்க மாமனாருக்கு உடம்பு சரியில்லன்னு நாலு பக்கம் எழுதியிருந்தாங்க. ஃபைல்ல பாக்க நல்லா இல்லை. உங்க கடிதம்தான் நடை அருமையா இருந்துச்சு. மத்த துறையெல்லாம்கூட வாங்கிட்டுப் போய் இதையே வெச்சுக்கிட்டாங்க."

"எத்தனை பேர் போட்டிருக்காங்க?"

தலைவர் ஃபைல் அக்காவைப் பார்த்தார். "ஒன்பது பேரு மேடம்" என்றார் அக்கா. "வேதியியல்ல ரெண்டு, கணக்குல மூணு. மிச்சம் இந்த மாடியில."

"ஆம்பளைங்க?"

அக்கா மின்விசிறியைப் பார்த்தார்.

ஒன்பது பேர். அவள் சொற்களை வைத்து ஒன்பது பேரை ஒதுங்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய்விட்டது. பாசியின் பெயரை அட்டையில் எழுதும்போது வரும் நிதானம் வந்தது.

பேனாவைத் திறந்தாள். கோட்டின் மேல் பெயரை எழுத ஆரம்பித்தாள். தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். கணவருக்கு மூச்சு வந்தது. "நான் சொன்னேன்ல சார்," என்றார், பெருமையும் பாசமும் கலந்து, "அவ புரிஞ்சுக்குவா."

எழுதி முடித்து, மை காயட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள். பிறகு தாளைத் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்து, கணவர் பக்கம் நகர்த்தினாள். விலகுபவர் பெயர் என்ற கோட்டில் அவர் பெயர் இருந்தது.

"கையெழுத்து நீங்க போடணும்ங்க."

முதலில் பேச்சு வந்தது தலைவருக்குத்தான். "அம்மா, இதுல இதுவரைக்கும் ஆம்பளைங்க யாரும் போட்டதில்லையே."

"எழுதினது நான் சார். ஆம்பளைங்க போடக்கூடாதுன்னு நான் எங்கயும் எழுதலை."

கணவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "வீட்ல பேசிக்கலாம்மா."

"வீட்ல பேச ஆரம்பிச்சா நீங்க குளிக்கப் போயிடறீங்க." அவளும் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். கோபமில்லை. "குடும்பப் பொறுப்பு ரெண்டு பேருக்கும் இருக்குங்க. ஒரு தடவை நான் போட்டாச்சு. முழு மனசு இருந்தா போடுங்க. இல்லன்னா கட்டாயம் இல்லை, ரெண்டும் மேல போகட்டும். அவங்க படிச்சுப் பாத்து யாருக்கு வேணுமோ குடுக்கட்டும். என்னோடதை நான் திருப்பி வாங்கலை."

ஃபைல் அக்கா கையில் இரண்டு கோப்புகளையும் ஏந்திக்கொண்டு தலைவரைப் பார்த்தார். "அப்போ ரெண்டையும் அனுப்பிடறேன் சார்." தலைவர் வாய் திறந்தது, மூடியது. சம்மதம் என்றும் வரவில்லை, மறுப்பு என்றும் வரவில்லை. அக்கா அதற்குமேல் காத்திருக்கவில்லை. மேசை ஓரத்திலேயே வைத்து இரண்டு கோப்பிலும் முத்திரை குத்தினார்.

கணவர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். ஆறு வருடங்களுக்கு முன்பு அதை உறையில் போட்டு, ஸ்கூட்டரில் கொண்டுவந்து, இதே மேசையில் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்குப் படிக்கவில்லை. இப்போதுதான் படித்தார். 'முழு மனத்துடனும்' என்ற இடத்துக்கு வந்ததும் கண் நின்றது. திரும்ப முதலிலிருந்து படித்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார், ஏதோ கேட்கப் போகிறவர் போல.

கையெழுத்துப் போடாமலே தாளைக் கவிழ்த்து வைத்தார். பேனாவை மூடி அதன்மேல் வைத்தார். எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே போனார்.