அடைக்கோழி அன்று சத்தம் போடவில்லை

ரஞ்சிதா கல்யாணமாகி வெண்ணந்தூருக்கு வந்த ஐந்தாவது மாதத்தில் அந்தச் செவலைக் கோழி இரண்டாம் முறையாக அடை படுத்தது. டவுனில், அஸ்தம்பட்டி மாடி வீட்டில் வளர்ந்தவள் அவள். கறிக்கடையில் உரித்துத் தொங்கும் கோழியைப் பார்த்திருக்கிறாளே தவிர, உயிரோடு ஒன்றைக் கையில் பிடித்ததில்லை.

மாமியார் அத்தாயிக்கு மூன்று பெட்டைகள் இருந்தன. மற்ற இரண்டும் சாது. செவலை பிடிவாதக்காரி. தை மாதம் பதினொரு குஞ்சு பொரித்து, வளர்த்துவிட்டுவிட்டு, நாலே முட்டை இட்டது. சித்திரை பிறந்ததும் மறுபடி வீட்டை ஒட்டிய தறிப்பட்டறையின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. நூல் கோன் வந்த அட்டைப் பெட்டி ஒன்று அங்கே படுக்கை வசத்தில் கிடந்தது. அதற்குள் கழிவு நூலைப் பரப்பி, வயிற்றுக்கடியில் ஒன்றுமில்லாமலே அடை காத்தது.

"இந்த வெயில்ல முட்ட வெச்சா எல்லாம் கெட்டுப்போயிரும். அடையத் தெளிய வெச்சாத்தான் மறுக்கா முட்ட போடும்" என்றாள் அத்தாயி.

தெளிய வைக்க அவள் செய்யாதது இல்லை. தொட்டித் தண்ணீரில் வயிறு நனைய நனைய முக்கி எடுத்தாள். கோழி உதறிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டப் பெட்டிக்கே திரும்பியது. காலில் கயிறு கட்டி வேப்பமரத்தடியில் இரண்டு நாள் விட்டாள். அவிழ்த்த கையோடு ஓடிப்போய் உட்கார்ந்தது. கூடையைக் கவிழ்த்து மூடி வைத்ததில் கூடைக்குள்ளேயே அடை படுத்துக்கொண்டது. பெட்டியைத் தூக்கி எறிந்தால், வெறும் தரையில் உட்கார்ந்தது. கடைசியில் அத்தாயியே பெட்டியை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தாள்.

"காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா கைய உட்டுத் தூக்கி வெளிய போடு. அதுக்கே சலிச்சுப்போயிரும்" என்று வேலையை மருமகளிடம் ஒப்படைத்தாள்.

ரஞ்சிதாவுக்கு ஒவ்வொரு நாளும் மிக மோசமான நேரம் அதுதான். பட்டறைக்குள் காலடி வைத்ததுமே பெட்டிக்குள்ளிருந்து கொர்ரென்று கேறும் சத்தம் வரும். குனிந்தால் இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உப்பும். கையை நீட்டினால் கொத்து. புறங்கையில் எப்போதும் இரண்டு மூன்று சிவந்த புள்ளிகள்.

"ஒரு கோழிக்குப் பயந்துக்கிட்டு நிக்கிறா பாரு. டவுனுப் புள்ள" என்று அத்தாயி தறியில் நின்றபடியே சிரிப்பாள். எதிர்வீட்டுச் சின்னான் வந்தால் அவரிடமும் சொல்லிச் சிரிப்பாள். கணவன் ஜெயபிரகாஷ் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தான். போனில் அவனிடமும் சொல்லிவிட்டாள். அவனும் சிரித்தான். அதுதான் ரஞ்சிதாவுக்குப் பொறுக்கவில்லை.

கோழி அடை படுத்த பன்னிரண்டாம் நாள் காலை. தறிகளை இன்னும் ஓட்டவில்லை. ரஞ்சிதா பட்டறைக்குள் போனாள். மூலைக்குப் போய்ப் பெட்டி முன் குனிந்தாள்.

சத்தமே இல்லை.

கோழி இருந்தது. அரை இருட்டில் செந்நிற முதுகு தெரிந்தது. கழுத்தைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டு, முகத்தை அட்டையின் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்திருந்தது. இறகு சிலிர்க்கவில்லை. ரஞ்சிதா நாக்கைத் தட்டி ஒலி எழுப்பினாள். அதற்கும் அசையவில்லை.

நீட்டிய கையை அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது.

"என்ன புள்ள, இன்னுமா பாத்துக்கிட்டு நிக்கிற?" அத்தாயி வாசற்படியில் நின்றாள்.

"இன்னிக்கு நீங்களே எடுங்கத்தை."

"நவுரு அக்கட்டால. கைய எப்படி இழுத்துக்கிட்டா பாரு!"

ரஞ்சிதா நகர்ந்து நின்றாள். அந்தக் கணத்தில் அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு உங்களைக் கொத்தட்டும்.

அத்தாயி மண்டியிட்டு, பாராமலே வலது கையைக் கோழியின் வயிற்றுக்கடியில் விட்டாள். உடனே "ஸ்ஸ்" என்று வெளியே இழுத்தாள்.

"கொத்திப்போடுச்சு! இருடி உனக்கு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இடது கையால் கோழியின் முதுகைப் பற்றி வெளியே இழுத்தாள். கோழி கட்டையாக வந்தது. கால்கள் மடங்கியது மடங்கியபடியே இருந்தன. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அதன் கண் திறந்திருந்தது.

பெட்டிக்குள் கழிவு நூல் அசைந்தது. பிறகுதான் அது நூல் இல்லை என்று தெரிந்தது. சுருள் ஒன்று பிரிந்து, தலை மேலே எழுந்து, நாலு விரல் அகலத்துக்குப் படம் விரிந்தது.

இருவரும் கத்தவில்லை. அத்தாயி செத்த கோழியைப் பிடித்தபடியே இருந்தாள். ரஞ்சிதாவுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. தன் காலைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும் என்று தெரிந்தது, கால் வரவில்லை. பாம்பு படத்தைத் தாழ்த்தி, சுவரோரமாக ஊர்ந்து, தறிக்கடியில் போய் மறைந்தது.

"நல்லபாம்பு" என்றாள் அத்தாயி, காய்கறிக் கடையில் ஏதோ ஒரு காயின் பெயரைச் சொல்வதுபோல. பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு ரத்தத் துளிகள்.

அதைப் பார்த்த பிறகுதான் ரஞ்சிதாவுக்குக் குரல் வந்தது. அவள் போட்ட கூச்சலில் சின்னான் சட்டை போடாமலேயே ஓடி வந்தார்.

"கட்டாதீங்க, கட்டாதீங்க" என்று ரஞ்சிதா கயிறு எடுத்த அவரைத் தடுத்தாள். எங்கோ படித்தது. "கைய ஆட்டாமப் புடிச்சுக்கங்க. வண்டியில உக்காருங்க."

அவள் ஸ்கூட்டியை எடுத்தாள். நடுவில் அத்தாயி, பின்னால் அவளை அணைத்துப் பிடித்தபடி சின்னான். இராசிபுரம் போகும் வழி முழுவதும் அத்தாயி பேசிக்கொண்டே வந்தாள். தறியை யார் ஓட்டுவது, மற்ற இரண்டு கோழிகளையும் அடைக்கவில்லையே என்றெல்லாம். பாதி தூரத்தில் பேச்சு குழறியது. "ஏனுங்க சின்னாண்ணா, கண்ணு ரெண்டும் மூடுது" என்றாள். அதற்குப் பிறகு ரஞ்சிதாவின் தோளில் அவள் முகவாய் கனமாக வந்து விழுந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். மருந்து ஏற்றினார்கள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். ரஞ்சிதா வராந்தாவில் நின்றாள். தன் கையைப் பார்த்தாள். நேற்றுப் பொழுதோடு இதே கையைத்தான் அந்தப் பெட்டிக்குள் விட்டாள். நேற்று கோழி கொத்தியது. நேற்று உயிரோடு இருந்தது. அதன் பிறகு எப்போதோ பாம்பு வந்திருக்கிறது. மற்ற பெட்டைகள் இடும் முட்டையைத் தேடி வந்ததோ, குளிர்ச்சிக்கு வந்ததோ. எழுந்து ஓடியிருக்கலாம் அந்தக் கோழி. எழுந்திருக்கவில்லை.

சின்னான் டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவள் டம்ளரை வாங்கிக் குடிக்காமல் சன்னல் விளிம்பில் வைத்தாள். "ஒன்னும் ஆவாது சாமி. நேரத்துக்குக் கொண்டாந்துட்ட" என்றார். அந்தச் சொல் அவளை அறைந்ததுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் அத்தாயி கண் திறந்து பேசினாள். கை முழங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது. ஜெயபிரகாஷ் ரயிலில் வந்துகொண்டிருந்தான். ரஞ்சிதா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள்.

"நெனச்சாலே கொல நடுங்குது புள்ள" என்றாள் அத்தாயி. "நீ கைய உட்டிருந்தீன்னா? உங்கொப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நாந்தான தெனமும் உன்னைய அனுப்புனேன்."

அவள் கண்ணில் நீர் வழிந்தது. இத்தனை மாதத்தில் ரஞ்சிதா அதைப் பார்த்ததில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அது கேறலைங்கத்தை."

"என்னது?"

"கோழி. அன்னிக்கு நான் கிட்டப் போனப்ப கேறவே இல்ல. கொத்தவும் வரல. என்னமோ ஆயிருச்சுன்னு எனக்குப் பட்டுதுங்க. நான் சொல்லல." அத்தாயியின் வீங்கிய கையைப் பார்த்தாள். "உங்களைக் கொத்தட்டும்னு நெனச்சேன். கோழி கொத்தட்டும்னு."

அத்தாயி அவளையே பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். ரஞ்சிதா திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சொல்லியிருந்தாலும் சிரிச்சிருப்பேன்" என்றாள் அத்தாயி கடைசியில், யாரையும் பார்க்காமல். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று முழுவதும் அவள் வேறெதுவும் பேசவில்லை. மதியம் ரஞ்சிதா கரண்டியை நீட்டியபோது மட்டும் வாயைத் திறந்தாள்.

பாம்பைத் தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து பிடித்துப் போனார்கள். செவலையைச் சின்னான் வேப்பமரத்தடியில் புதைத்தார். பத்து நாளில் அத்தாயி வீடு திரும்பினாள். சுண்டுவிரல் மட்டும் மடங்க மறுத்தது. மாமியாரும் மருமகளும் பழையபடி இரண்டு தறிகளையும் ஓட்டினார்கள். கோழியைப் பற்றி யாரும் பேசவில்லை, யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் ரஞ்சிதாவுக்கு அரிசி டிரம்மில் கை விட முடியவில்லை. மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சை அடித்து, அகப்பையால் கிளறிப் பார்த்த பிறகுதான் படியை உள்ளே விடுவாள். ஒருநாள் அத்தாயி சமையல்கட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். உள்ளே வந்து, படியை அவள் கையிலிருந்து வாங்கி, தானே அரிசியை அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள்.