நார்மல் என்று வந்த படம்

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்து வந்த மறுநாள் காலையில், என் அப்பா ஐயாவு என் தம்பியை மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டி வைத்து அடித்தார். சவுக்குக் கழியால். ஆத்திரத்தில் ஒன்றிரண்டு போடுகிற அடி இல்லை. கதிரடிக்கிற மாதிரி மூச்சு வாங்கி, கை மாற்றி மாற்றி அடித்தார்.

ஏனென்றால் படத்தில் ஒன்றுமில்லையாம்.

தம்பி இளம்பரிதிக்கு ஆறேழு மாதமாகக் காதுக்குள் ஆட்கள் பேசுகிறார்கள். மோட்டாருக்குள் உட்கார்ந்து தன்னைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள் என்று சொல்லி ஸ்டார்ட்டரை மண்வெட்டியால் கொத்திப்போட்டான். தடுக்கப் போன அம்மாவுக்கு நெற்றி பிளந்துவிட்டது. நட்ட வயல் தண்ணீரில்லாமல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அப்பாவுக்குக் கோபம் வராதா? வரும். நான் இல்லையென்று சொல்லவில்லை.

மனநல டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூளையில் கட்டி கிட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். "இந்த நோய் படத்துல தெரியாதுங்க. படம் சுத்தமா வந்தாலும் மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். அப்பாவும் மண்டையை மண்டையை ஆட்டினார். ஸ்கேன் எடுத்த இடத்தில் கவரை நீட்டிய பெண் "எல்லாம் நார்மல்ங்க" என்றாள். அவ்வளவுதான், டாக்டர் பேச்சு காற்றோடு போயிற்று. ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே மாத்திரை அட்டைகளை ஜன்னல் வழியாக விட்டெறிந்தார்.

"மெசினே சொல்லிடுச்சு. இவனுக்கு ஒரு மண்ணும் இல்ல. உடம்பு வளையல, அதுக்கு வேசம் போடுறான்."

நான் செம்மொழி, நர்சிங் படித்து நாகப்பட்டினத்தில் வேலை பார்க்கிறவள். தம்பிக்காக லீவு போட்டு வந்திருந்தேன். ஆனாலும் எங்கள் வீட்டில் என் படிப்புக்கு மரியாதை, ஊசி போடுகிற வரைக்கும்தான்.

"நடிக்கிறியாடா? சொல்லு, நடிக்கிறியா?" ஒவ்வொரு அடிக்கும் கேட்டார். தோள்பட்டை கிழிந்து ரத்தம் பனியனோடு ஒட்டிக்கொண்டது. வாயில் ஒரு அடி விழுந்ததும் தம்பி அலறினான்.

"ஆமாப்பா, நடிச்சேன். விட்டுடுப்பா."

"கேட்டியா? அவன் வாயாலயே வந்துருச்சு," என்றார் பக்கத்து வயல்காரர் வைரக்கண்ணு, வரப்பில் நின்றபடி. "இன்னும் நாலு வைங்க. வழிக்கு வந்துருவான்."

எனக்கு அந்த ஆளைச் சேற்றில் முக்கி எடுக்க வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய்க் கழியைப் பிடித்தேன். அடி என் மணிக்கட்டில் விழுந்தது. அப்பா என்னை வாய்க்காலில் தள்ளிவிட்டுத் திரும்பவும் ஓங்கினார். இந்தத் தடவை தலைக்குக் குறி. இன்னும் கொஞ்ச நேரத்தில் தம்பி செத்துப்போவான் என்று தெரிந்தது.

கொட்டகைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டுக்கு ஓடினேன். படத்தை உருவிக்கொண்டு வந்து அப்பா முகத்துக்கு நேரே வெயிலில் பிடித்தேன்.

"கவரைக் குடுத்தவளுக்கு என்னா தெரியும்? இங்க பாருப்பா. மூளைக்கு நடுவுல, கருப்பா. ஓட்டை. இதுலேருந்துதான் சத்தம் வருது. மாத்திரை போட்டாதான் மூடும். தலையில இன்னொரு அடி பட்டுச்சு, உம்புள்ள பொணம்தான்."

அந்தக் கருப்பு எல்லார் மண்டையிலும் இருக்கிறது, மூளைக்குள் நீர் நிற்கிற இடம். என் மண்டையில், அப்பா மண்டையில், நாலு வைக்கச் சொன்ன வைரக்கண்ணு மண்டையிலும்கூட. சொல்வேனா?

அப்பா படத்தை வாங்கி அந்த இடத்தை விரலால் தடவினார். கழி கீழே விழுந்தது.

"இவ்ளோ பெருசா இருக்கே," என்றார். "முன்னயே சொல்லித் தொலைய மாட்டியா?"

கயிற்று முடிச்சு ரத்தத்தில் ஊறி இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். தம்பியைத் தாங்கி உட்கார வைத்து, தன் துண்டால் அவன் வாயைத் துடைத்தார். "வண்டிய எடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். மாத்திரையும் வாங்கணும்," என்றார் என்னிடம். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, அதே கழியை எடுத்து அவரை நாலு போடவும் தோன்றியது.

தம்பி ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் என்னைப் பார்த்தான். உதடு கிழிந்து வார்த்தை குழறியது.

"அக்கா, அப்ப நான் நடிக்கலைல்ல?"

"இல்லடா," என்றேன். "நீ நடிக்கல."

அவ்வளவு அடிக்கும் அலறினானே தவிர அழாதவன், அப்போதுதான் அழுதான்.