பிதுங்கி வந்த பசை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் சொந்தச் சரக்கல்ல. நாற்காலி செய்கிற என் அண்ணனின் பட்டறையில், டீயும் கையுமாக உட்கார்ந்து பார்த்தது. அப்படியே எழுதினால் அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். அதனால் மீசையை எடுத்துவிட்டு, 'தச்சர்' என்று மட்டும் போடுகிறேன்.

2

மரமானாலும் மனிதரானாலும் பிரிவு என்பது

(சீ, வாழ்த்து அட்டை வாசகம். வேண்டாம்.)

தச்சரின் மகள் அம்மாவோடு வேறு ஊருக்குப் போகிறாள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துவரவில்லை. யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். மகள் அம்பு விடப் பழகுகிறவள். "போறதுக்குள்ள உன் கையால ஒரு வில்லு செஞ்சு குடுப்பா" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

3

நீள மரம் கிடைக்கவில்லை. இரண்டு குட்டைத் துண்டுகள்தான். ஒன்றின் முனையை மீன்வாலாகப் பிளந்து, மற்றதைக் கூராகச் செதுக்கி உள்ளே செருகி, பசை போட்டு ஒட்ட வேண்டும். இணைப்பு கைப்பிடிக்குள் மறைந்துவிடும்.

இரண்டையும் இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் போடும்போதுதான் மனுஷன் சொதப்பினார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. இருந்தும் ஒட்டு விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் இன்னொரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று முறுக்கிக்கொண்டே போனார். மறுநாள் மேசையில் காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டும்போதுதான் உறைத்தது. பசை அத்தனையும் பிதுங்கி வெளியே வந்திருக்கிறது. உள்ளே ஒட்டிப் பிடிக்க ஒன்றுமில்லை. இன்னொன்று செய்ய நேரமும் இல்லை.

(குடும்பமும் இப்படித்தான் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவருக்கு அந்த யோசனையெல்லாம் ஓடவில்லை. மிச்சப் பசையையும் சுரண்டினார், அவ்வளவுதான்.)

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறார். அவள் வெறுங்கையோடு போகிறாள். அந்தப் புது வீட்டில் அப்பா கை பட்ட பொருள் எதுவுமில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. எங்கோ ஒரு மைதானத்தில் அவள் நாணை இழுக்கிறாள், கைப்பிடிக்குள் ஒட்டு விட்டு, முகத்துக்கு நேரே

(மாட்டேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை.)

முடிவு மூன்று: "சுவத்துல மாட்டி வெச்சுக்கம்மா, இழுக்காத" என்கிறார்.

"அப்புறம் எதுக்குப்பா வில்லு?"

இந்த முடிவையும் அடித்துவிட்டேன்.

5

வாசலில் வண்டி நிற்கிறது. அவள் வில்லை வாங்கிக் கைப்பிடியைத் தடவுகிறாள்.

"சேத்த எடமே தெரியலப்பா. நல்லா பிடிச்சிருக்கில்ல?"

தச்சர் என்னைப் பார்க்கிறார். கதைக்குள் நான் கிடையாது. இருந்தும் என்னைத்தான் பார்க்கிறார். நான் டீ கிளாஸைப் பார்க்கிறேன். அவள் வெறுங்கையோடு போவதை எங்கள் இரண்டு பேராலும் தாங்க முடியாது.

ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன் என்று நாணில் விரலை வைத்துவிட்டாள். நீங்களாவது வாயைத் திறங்கள்.